மாற்றம் என்னும் சொல்: தமிழ் வகுப்பறைக்கு வேதியியல் வந்த வரலாறு

சொல் என்பதற்கு நிகண்டுகள் தரும் பெயர்களுள் 'மாற்றம்' என்பதும் ஒன்று. மறுமொழி என்னும் பொருளிலும் பழைய நூல்கள் அதனை வழங்கும். ஒன்று வேறொன்றாதல் என்ற பொருளே இன்றைய வழக்கில் முந்தி நிற்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் 'இயற்பியல் மாற்றம்', 'வேதியியல் மாற்றம்' என்று படிக்கும் பாடத்தின் வரலாற்றை நோக்கும்போது, இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதைக் காண்கிறோம். பொருள்கள் மாறும் விதத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். சொல் கிடைத்தது. அச்சொல்லுக்கு உயிர் தரும் எளிய சோதனையோ வகுப்பறையின் வாயிலில் நெடுங்காலம் காத்து நின்றது.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் வேதியியலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். கலைச்சொல்லின் வரலாறு தமிழின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அதை ஆக்கியவர்களுள் கவிஞரும் துறவியரும் வழக்கறிஞரும் இருந்தனர். மேலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரியும் இந்த மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு இப்பொருள் மிக அண்மையது. இங்குள்ள ஆலைகளில் நாள்தோறும் பொருள்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. அவ்வாலைத் தொழிலாளரின் பிள்ளைகளோ அம்மாற்றத்தின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கைத்தொழில் தந்த சொற்கள்

வேதியியல் தமிழருக்குக் கப்பலேறி வந்த புதுமை என்று கருதுவது பாதி உண்மையே. முறைப்படுத்தப்பட்ட அறிவியலாக அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் பொருளை மாற்றும் தொழிலும், அத்தொழிலுக்குரிய சொற்களும் இம்மண்ணில் முன்பே இருந்தன. சித்த மருத்துவர் பற்பமும் செந்தூரமும் செய்தனர், புடமிட்டனர், வாலையில் வடித்தனர். தாழ்ந்த உலோகத்தை உயர்ந்ததாக மாற்ற முயன்ற கலைக்கு 'வேதை' என்று பெயர். 'வேதித்தல்' என்றால் வேறுபடுத்துதல், மாற்றுதல். இன்று நாம் வழங்கும் 'வேதியியல்' என்ற பெயர் இவ்வழியில் வந்தது. ஆகவே அப்பெயருக்குள்ளேயே மாற்றம் என்ற கருத்து அடங்கியிருக்கிறது. வேதியியல் மாற்றம் என்பது ஒரு வகையில் மாற்றத்தின் மாற்றம்!

திண்மமாக இருக்கும் பொருள் நீர்ம நிலையை அடையாமலே ஆவியாகி, மீண்டும் திண்மமாகப் படிவதைப் பள்ளி நூல்கள் 'பதங்கமாதல்' என்கின்றன. இதுவும் புதிதாகப் புனைந்த சொல்லன்று. சாம்பிராணியை மண்கலத்தில் இட்டுச் சூடேற்றி, மேற்கலத்தில் படிவதை எடுத்த மருந்தைச் சித்த மருத்துவர் 'சாம்பிராணிப் பதங்கம்' என்றனர். கொல்லன் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்து உறுதியேற்றுவதைத் 'தோய்ச்சல்' என்றான். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவோர் 'நீற்றுதல்' என்றனர். நாவுக்கரசர் இடப்பட்டதாகப் பெரியபுராணம் கூறும் 'நீற்றறை' சுண்ணாம்புக் காளவாயே. துரு, களிம்பு, காரம், உவர், புளிப்பு ஆகிய சொற்களும் மாணவன் பள்ளிக்கு வருமுன்பே அவன் நாவில் இருப்பவை.

இச்சொற்களுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. கை ஒன்றைச் செய்தது. கண் அதைப் பார்த்தது. அதன்பின் வாய் அதற்குப் பெயர் சொன்னது. பின்னாளில் பள்ளிக்கூடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

மானிப்பாயின் 'கெமிஸ்தம்'

ஐரோப்பிய வேதியியலைத் தமிழில் முறையாகத் தர முயன்ற முன்னோடிகளுள் முதலில் நினைக்கத்தக்கவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த இம்மருத்துவர், அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு அதைக் கற்பிக்கவும் செய்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த அவ்வகுப்பு 1860-களில் தமிழுக்கு மாறியது. தமிழில் மருத்துவம் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். கிறீனும் அவர்தம் மாணவர்களும் அவற்றை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தனர்.

அந்நூல்களின் பெயர்களே ஒரு வரலாறு. உடற்கூற்று நூலுக்கு 'அங்காதிபாதம்', உடலியங்கியல் நூலுக்குச் 'சுகரணம்' என வடமொழிச் சார்பான பெயர்கள் அமைந்தன. அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. வேதியியல் நூலுக்கு வந்தபோது, அமெரிக்கரான வெல்ஸின் நூலைத் தழுவி 1875-இல் வெளியான தமிழ் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்குத் தமிழ் விகுதி போன்ற ஒரு வாலைப் பூட்டியிருக்கிறார்கள். கிறீன் 1873-லேயே தாயகம் திரும்பியிருந்தார். நூற்பணியை அங்கிருந்தும் தொடர்ந்தார். 'கெமிஸ்தம்' என்னும் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் வடமொழியா, ஆங்கிலமா, தமிழா என்று அடுத்த நூறாண்டு நடக்கவிருந்த வழக்கின் மூன்று தரப்பும் மானிப்பாயின் நூற்பெயர்களிலேயே ஆஜராகிவிட்டன.

மெழுகுவர்த்தியும் கற்பூரமும்

அக்காலத்தில் இலண்டனில் வேறொரு முறை வேரூன்றிக் கொண்டிருந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்கான சொற்பொழிவுகள் நடந்துவந்தன. மைக்கேல் ஃபாரடே 1848-இலும், மீண்டும் 1860-61-இலும் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1861-இல் நூலாயின. முறையான பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாத, கொல்லர் ஒருவரின் மகன் ஃபாரடே. அவர் கையாண்ட முறை எளிது. முதலில் மெழுகு உருகுவதைப் பார்க்கச் சொன்னார். பின்னர், எரிவது மெழுகின் ஆவியே என்பதைக் காட்டினார். சுடரின்மேல் குளிர்ந்த கலத்தைப் பிடித்து, எரிதலால் நீர் உண்டாவதைக் காட்டினார். கரியமில வாயு உண்டாவதைச் சுண்ணாம்பு நீரால் காட்டினார். உருகிய மெழுகு ஆறினால் மீண்டும் மெழுகு. எரிந்த மெழுகு வேறு பொருள். இரு வகை மாற்றமும் ஒரே சுடரின் அடியிலும் நுனியிலுமாக நிகழ்வதை அரங்கிலிருந்த சிறுவர்கள் கண்ணால் கண்டனர். பெயர் பின்னர் வந்தது.

நம் வீடுகளில் ஃபாரடேயின் மெழுகுவர்த்திக்கு ஈடான ஒரு பொருள் உண்டு. அது கற்பூரம். டப்பாவில் மூடாமல் வைத்த கற்பூரம் நாளுக்கு நாள் சிறுத்துப் போகும். அறை முழுதும் மணக்கும். மணம் கற்பூரத்தினுடையதே, ஆவியானதும் கற்பூரமே. அது இயற்பியல் மாற்றம். அதே கட்டியைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் சுடரும் புகைக்கரியும் தோன்றும். பிறகு அங்கே கற்பூரம் இல்லை. அது வேதியியல் மாற்றம். காசு அதிகம் செலவாகாத, எல்லாச் சிற்றூரிலும் கிடைக்கும் இப்பொருளைக் கொண்டு பாடம் முழுவதையும் அரைமணி நேரத்தில் நடத்திவிடலாம்.

சேலமும் பச்சையப்பன் கல்லூரியும்

இனி, தமிழ்நாட்டில் சொல்லாக்கம் நடந்த வழியைக் காண்போம். சேலத்தில் 1916-இல் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்கவென்று ஒரு சங்கம் கண்டு, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். புதுவையில் இருந்த பாரதியாரும் அக்காலத்தில் சாஸ்திர பரிபாஷை பற்றி எழுதினார். கவிஞர் ஒருவர் கலைச்சொல்லைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது நம்மனோர் நினைவில் இருத்தத்தக்கது. வழக்கறிஞரான பெ. நா. அப்புஸ்வாமி (1891-1986) 1917 முதல் தொடங்கி, தம் நெடிய வாழ்நாள் முழுவதும் அறிவியலைத் தமிழில் எழுதினார்.

இராஜாஜி பின்னாளில் எழுதிய 'திண்ணை ரசாயனம்' என்னும் சிறு நூலின் தலைப்பே ஒரு கொள்கை விளக்கம். ரசாயனம் கல்லூரிக் கூடத்தை விட்டுத் திண்ணைக்கு வரவேண்டும் என்பது அதன் உட்கிடை. பேச்சு நடையில் வேதியியலைச் சொல்ல இயலும் என்று அது காட்டியது. ஆயினும் திண்ணையில் அமர்ந்து கேட்பதற்கும், திண்ணையில் அமர்ந்து செய்வதற்கும் இடையே ஒரு படி எஞ்சி நின்றது.

நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற் பணியை 1930-களில் கையிலெடுத்தது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அதன் ஓயாத உழைப்பாளி. 1936-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலானந்தர். 'யாழ் நூல்' ஆசிரியராக, கவிஞராக, துறவியாக அவரை நாம் அறிவோம். அவர் துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அம்முயற்சியின் பயனாகக் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பு 1938-இல் வெளியாயிற்று.

உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிக் கல்வி பரவத் தொடங்கிய காலம் அது. ஆகவே எந்தச் சொல் பாடநூலில் ஏறுவது என்பது பெரும் வழக்காயிற்று. 1940-இல் அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வடமொழிச் சார்பான சொற்களை நாடியது. தமிழறிஞர் அதை எதிர்த்தனர். பௌதிகமும் ரசாயனமும் அக்காலப் பள்ளிகளில் செல்வாக்குடன் வாழ்ந்தன. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழும், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'கலைக்களஞ்சிய'மும் அறிவியல் தமிழுக்கு உரமூட்டின. பாடநூல்களில் பௌதிகம் இயற்பியலாகவும், ரசாயனம் வேதியியலாகவும் படிப்படியாக மாறின. 'கிரியா ஊக்கி' 'வினைவேக மாற்றி' ஆயிற்று. கரைசலில் கரையாது கீழே தங்கும் பொருளுக்கு 'வீழ்படிவு' என்னும் அழகிய சொல் கிடைத்தது. இலங்கையில் இன்றும் பிள்ளைகள் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்றே படிக்கிறார்கள். அங்கே ஆக்ஸிஜன் 'ஒட்சிசன்'. கடலின் இரு கரையிலும் தமிழ் தன் தன் வழியில் தீர்வு கண்டிருக்கிறது.

இவ்வளவு உழைப்பும் வீணன்று. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெயரிடுவதில் நாம் காட்டிய ஊக்கம் சோதனைக் குழாய்க்குக் கிட்டவில்லை. பௌதிகமா இயற்பியலா என்று வாதிட்ட மேடைகள் பல; வகுப்பில் ஒரு நெய்விளக்கை ஏற்றி உருகுவதையும் எரிவதையும் காட்டச் சொன்ன மேடைகள் சில.

ஆவடிக்கு வந்த ஆலைகள்

1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம மாதிரிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தின் முகம் அதை அடுத்த ஆண்டுகளில் மாறிற்று. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழில் 1949-இலேயே கால்கொண்டிருந்தது. 1950-களின் இறுதியில் டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி 1965-இல் வெளிவந்தது. பின்னர் அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணையும் அமைந்தது.

வேதியியல் ஆசிரியர் ஒருவர் பாடத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடினால் இவ்வட்டாரத்தைச் சுற்றிவந்தாலே போதும். பால் பண்ணையில் பாலைக் குளிர்விப்பது இயற்பியல் மாற்றம். அப்பாலில் உறை ஊற்றித் தயிராக்குவது வேதியியல் மாற்றம். மிதிவண்டிச் சட்டத்துக்குக் குழாயை வளைப்பது முன்னது. அது துருவேறாதிருக்க மின்சாரத்தால் முலாம் பூசுவது பின்னது. டயர் ஆலையில் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றுவார்கள். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்ட வழி இது. கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே பாலமாக அமைந்து அவற்றைப் பிணைத்துவிடும். பிறகு அந்த ரப்பரை உருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டது. ஆனால் ரப்பரும் கந்தகமும் சேரும் கதையை அறிந்த கைகள் இவ்வட்டாரத்தில் பல.

இத்தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த காலம், காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகி, 1956-இல் மதிய உணவுத் திட்டமும் தொடங்கிய காலம். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தோர் பலர். தந்தை பட்டறையில் நாள்தோறும் செய்வதைத்தான் மகன் வகுப்பில் 'புதிய பொருள் உண்டாகும் மாற்றம் வேதியியல் மாற்றம் எனப்படும்' என்று எழுதினான். இவ்விரண்டும் ஒன்றே என்று அவனுக்குச் சொல்வார் அரிதாயினர்.

இதிலும் ஒரு வேற்றுமை இருந்தது. மெட்ரிகுலேஷன் மாணவருக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைத் தேர்வு உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில், பெரும்பாலும் தமிழ் வழியில் படித்தோருக்கு அது இல்லை. சமச்சீர்க் கல்வி 2011-இல் பத்தாம் வகுப்பை எட்டிய பிறகே செய்முறைக்கு 25 மதிப்பெண் எல்லார்க்கும் பொதுவாயிற்று. தேர்வில் இல்லாதது வகுப்பிலும் இல்லாமற் போவது நம் பள்ளிகளின் இயல்பு. தமிழில் வேதியியல் கற்க இயலுமா என்ற ஐயம் பரவியதற்கு மொழியின் குறை காரணமன்று. தமிழ் வழி மாணவனின் கையில் சோதனைக் குழாய் இல்லாமையும் ஒரு காரணம்.

மீளும், மீளாது

சொல் மட்டும் கற்ற மாணவனுக்கு நேரும் இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது என்று ஒரு வாய்பாடு நம் வகுப்பறைகளில் வழங்குகிறது. மனப்பாடத்துக்கு ஏற்ற வாய்பாடு அது. ஆனால் சோதனைக்கு நில்லாது.

காகிதத்தைக் கிழியுங்கள். அது பழையபடி முழுத்தாளாகாது. ஆயினும் கிழிந்தது காகிதமே, இயற்பியல் மாற்றமே. மயில்துத்தத்தின் நீலப் படிகத்தைச் சூடேற்றுங்கள். அதிலுள்ள நீர் நீங்கி வெள்ளைப் பொடியாகும். அப்பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டால் மீண்டும் நீலம் தோன்றும். வேதியியல் மாற்றம் இங்கே மீள்கிறது. (மயில்துத்தம் நஞ்சு, ஆசிரியர் கையாள வேண்டிய பொருள்.) ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதை எல்லாரும் அறிவர். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தோடு கூடி நிறம் மாறுகிறது. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மஞ்சள் திரும்பி வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் தூவும் நவச்சாரம் வெண்புகையாக எழும். பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி நூல்கள் காட்டும் பொருள் அது. உண்மையில் அது சூட்டில் இரு வாயுக்களாகப் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் கூடுகிறது. பிரிவதும் கூடுவதும் வேதியியல் நிகழ்ச்சிகளே.

எல்லாவற்றிலும் சிறந்த பாடம் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்தெழுந்து நீர்த்த சுண்ணாம்பாகும். பொங்கலுக்கு முன் அதைச் சுவரில் பூசுகிறோம். சுவரில் காயும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, கிளிஞ்சலில் எந்தப் பொருளாக இருந்ததோ அதே பொருளாக இறுகுகிறது. கடலில் தொடங்கியது நம் வீட்டுச் சுவரில் தன் பழைய வடிவத்தை அடைகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழலால் ஊதும்போது அது பால்போல் வெளுப்பதும் இதே வினையே. சுவரில் நாட்கணக்கில் நடப்பது குவளையில் நொடிக்கணக்கில் நடக்கிறது. ஊதிப் பார்த்த பிள்ளைக்குத் தன் மூச்சும் ஒரு வேதிப்பொருள் என்பது விளங்கும்.

ஆகவே உண்மையான வினா, மீளுமா மீளாதா என்பதன்று. பொருள் அதே பொருள்தானா, வேறு பொருளா என்பதே. அவ்வினாவுக்கு விடை காணப் பல அறிகுறிகளை ஒப்பிட வேண்டும்: நிறம், மணம், வெப்பம், குமிழி, வீழ்படிவு. பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசுப் பள்ளி உண்டு. 'நீ காண்பது என்ன?' என்று மட்டும் கேட்கும் பாடநூல் அம்மாணவரை வெளியே நிறுத்திவிடும். நீற்றும் சுண்ணாம்பின் வெம்மை கலத்தின் வெளிப்புறத்தில் கைக்குத் தெரியும். சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு விழும் ஓசை காதுக்குத் தெரியும். பால் புளித்தது மூக்குக்குத் தெரியும். மாற்றம் ஐம்புலனுக்கும் உரியது.

வகுப்பறையின் வாயில் திறந்தது

இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் அழிந்த நாடுகளுக்கென உள்ளூர்ப் பொருள்களால் சோதனை செய்யும் வழிகளைத் தொகுத்த முயற்சியிலிருந்து, யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் கையேடு 1956-இல் உருவாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகளே சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வருவது அதன் முறை. 2002-இல் அரசு அதை நிறுத்தியது. ஆயினும் நாடெங்கும் அதன் விதை பரவியிருந்தது. தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய அறிவியல் இயக்கமும், அது 1987-இல் தொடங்கிய 'துளிர்' இதழும் அப்பணியைத் தமிழில் செய்தன.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது அம்பத்தூரும் ஆவடியும் மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. மாநிலம் முழுமைக்கும் அம்முறை விரிந்தபோதே அது இங்குள்ள தொடக்கப் பள்ளிகளை எட்டிற்று. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் ஆறாம் வகுப்புக்கு 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்' என்றே ஒரு பாடம் அமைந்தது. வேகமானது, மெதுவானது, மீள்வது, மீளாதது, விரும்பத்தக்கது, விரும்பத்தகாதது என மாற்றங்களைப் பல கோணங்களில் வகைப்படுத்த அது பிள்ளைகளை அழைத்தது. 2022 நவம்பர் 28-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'வானவில் மன்றம்' திட்டம், ஆறு முதல் எட்டு வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவரிடம் எளிய சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்களை அனுப்பியது. மானிப்பாயில் நூலாகத் தொடங்கி, சேலத்தில் சொல்லாகி, திண்ணையில் பேச்சாகி வந்த வேதியியல், இறுதியில் பிள்ளையின் கையில் பொருளாக வந்து சேர்ந்திருக்கிறது.

எனினும் பணி முடிந்துவிட்டது என்று கருதுவதற்கில்லை. கருத்தாளர் வந்து போன மறுநாள் வகுப்பறை என்ன செய்கிறது என்பதே கேள்வி. இங்கேதான் சொல்லோடு பழகும் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு பிள்ளை, 'சுண்ணாம்பு கொதிக்குது' என்று சொன்னால், அது பாடநூல் விடை இல்லை என்று தள்ளுவது எளிது. அப்பிள்ளை கண்டதைச் சொல்கிறது. அதன் வாயில் வந்தது காளவாய்த் தொழிலாளியின் பழஞ்சொல். அந்தச் சொல்லைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் 'வெப்ப உமிழ் வினை' என்னும் சொல்லுக்கு வழி தானே தெரியும். பதங்கமும் நீறும் வேதித்தலும் அந்த வழியாகத்தான் பாடநூலுக்குள் வந்தன.

நம் முன்னோர் கலைச்சொல்லுக்காக வாதிட்டனர். அவர்கள் வென்று தந்த சொற்கள் இன்று நம் பிள்ளைகளின் நூல்களில் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு நெய்விளக்கோ, ஒரு கற்பூரக் கட்டியோ, ஒரு குவளைச் சுண்ணாம்பு நீரோ இருக்கிறதா என்று பார்ப்பது நம் காலத்தின் கடமை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு பள்ளியின் அறிவியல் வகுப்புக்குச் சென்று, பிள்ளைகள் சோதனையைத் தம் சொந்தச் சொற்களில் விவரிப்பதைக் கேட்க நம் உறுப்பினர்கள் முன்வருவார்களாயின், வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு அது நல்ல தொடக்கமாகும். கவிதைக்கும் அங்கே சில சொற்கள் கிடைக்கக்கூடும்.